புதுச்சேரியில் பழைய தமிழ் வீட்டு விடுதி: வயதான பெற்றோரோடு தங்கலாமா?

காவேரிக்கரை:
வணக்கம். பொங்கல் கூட்டம் அடங்கியதும் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு புதுச்சேரி போக நினைக்கிறேன். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் நிதானமாக நடப்பார். பெரிய ஹோட்டல் வேண்டாம், நாலைந்து அறை மட்டும் இருக்கும் பழைய வீட்டில் தங்கினால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

இணையத்தில் பார்த்தால் எல்லா விடுதியும் தன்னைப் பாரம்பரிய வீடு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. வாடகையோ மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீடுகளா, வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழ் வீடுகளா, எது எங்களுக்குத் தோது? முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்? தங்கியவர்களும் ஊர்க்காரர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மிஷன்வீதி:
தங்கச்சி, நான் இந்த ஊர்க்காரன். என்னைக் கேட்டால் தமிழ்ப் பகுதிதான்.

முதலில் ஊர் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். கிழக்கே கடற்கரைச் சாலை, மற்ற மூன்று பக்கமும் பழைய புல்வார் சாலைகள், அதாவது வடக்கே படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. இதற்குள் இருப்பதுதான் பழைய நகரம். நடுவில் தெற்கு வடக்காகப் பெரிய வாய்க்கால் போகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே டூமா வீதி, ரொமேன் ரோலண்டு வீதி, சுஃப்ரேன் வீதி என்று மஞ்சள் சுவரும் உயரமான வாசல் கதவுமாக இருப்பவை பிரெஞ்சு வீடுகள். தெருவில் நின்றால் மதில்தான் தெரியும். தோட்டமும் தூண் வைத்த தாழ்வாரமும் உள்ளே இருக்கும். மேற்கே வந்தால் வீடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். முதலில் மரத்தூண் வைத்து ஓடு போட்ட தாழ்வாரம், அது வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. அதற்கு உள்ளே திண்ணை. அப்புறம் நடை, முற்றம், கூடம், பின்கட்டு, கிணறு. பல வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு, மேல்மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணியில் வளைவு ஜன்னலும் மரச்சட்டமுமாக இருக்கும். இந்தக் கலப்புப் பாணியை வேறு ஊரில் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது.

“நானூறு வருட வீடு” என்று எந்த விடுதியாவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதில் தப்பியது என்று சொல்லத்தக்கது ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. மற்றபடி இன்று நாம் பார்க்கும் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. தெருக்கள் நேர்நேராக இருப்பதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். 1693 முதல் சில வருடம் ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. சம்பா கோயில் என்று நாங்கள் சொல்லும் மாதா தேவாலயத்தின் மணி, பள்ளிவாசல் பாங்கு, மார்கழியாக இருந்தால் விடியற்காலைப் பாட்டு, எல்லாம் கேட்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. லேசான தூக்கம் உள்ளவர்களுக்குப் பின்கட்டு அறையைக் கேட்டு வாங்குங்கள். காந்தி வீதியை ஒட்டி எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட் கூட்டத்தில் வண்டி உள்ளே வராது. நேரு வீதி, பெரிய மார்க்கெட் பக்கமும் வேண்டாம். கல்வே சுப்பராய செட்டியார் வீதி, ஊர்ப்பேச்சில் வைசியாள் வீதி, அதைச் சுற்றி இருக்கும் சின்னத் தெருக்கள் அமைதியாக இருக்கும். அந்த வீதியின் ஒரு பகுதியில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும் சேர்ந்து, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், வீட்டு முகப்புகளை வரிசையாகப் பழையபடி சீராக்கினார்கள். அப்பாவை அங்கே கட்டாயம் நடக்கவிடுங்கள். பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். அவர் வாழ்ந்த வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது, அதுவும் பக்கம்தான்.

சைக்கிள்_சுந்தரி:
தமிழ்ப் பகுதியிலிருந்து கடற்கரைக்குப் பதினைந்து இருபது நிமிட நடை. மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது, பெரியவர்கள் பயமில்லாமல் நடக்கலாம். ஆட்டோவில் ஏறும் முன் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

காரைச்சுவர்:
பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். புதுச்சேரியிலும் காரைக்குடிப் பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல விடுதி எது என்று கேட்கிறீர்கள். என் கண்ணில் படுவதைச் சொல்கிறேன், கேள்விகள் அதிலிருந்தே வந்துவிடும்.

படத்தில் முற்றத்தைப் பாருங்கள். மேலே வானம் தெரிகிறதா, கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடியிருக்கிறார்களா? இந்த வீடுகளில் சூடான காற்று மேலேறி முற்றம் வழியாக வெளியே போகும், தெருப்பக்கமும் பின்கட்டும் திறந்திருந்தால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேலே மூடிவிட்டால் அந்த ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் பகல் முழுக்க ஏசி போட்டாக வேண்டும். மழைக்காக மூடினோம் என்பார்கள். முற்றத்தில் மழை விழட்டும், அதற்காகத்தான் தரையைத் தாழ்த்தி நீர் போக வழி வைத்திருக்கிறார்கள். குருவிக்கும் குரங்குக்கும் வலைக்கம்பி போட்டால் போதும்.

அடுத்தது சுவர். இவை சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர்கள். கடலோர ஊர், தரையிலிருந்து ஈரமும் உப்பும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். “பலமாக இருக்கட்டும்” என்று சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் இடுப்பு உயரம் வரை பூச்சு உப்பி, உதிர ஆரம்பிக்கும். அதை மறைக்க மரப்பலகையோ டைல்ஸோ ஒட்டுவார்கள். அறைக்குள் நுழைந்ததும் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று விமர்சனத்தில் யாராவது எழுதியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பெரியது கூரை. மாடி வீடுகளில் மெட்ராஸ் டெர்ரஸ் என்கிற தளம் இருக்கும். உத்திரத்தின் மேல் குறுக்கே நெருக்கமாக மரக்கட்டைகள், அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துத் திமிசால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பது. கட்டிலில் படுத்து அண்ணாந்து பார்த்தால் கட்டைகளும் செங்கல் வரிசையும் தெரியும். அது தெரிந்தால் மகிழ்ச்சி. ஜிப்சம் போட்டு முழுக்க மூடியிருந்தால் மேலே கட்டை என்ன நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில்தான் முதலில் உளுக்கும், அந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எனவே போன் செய்து கேளுங்கள்: கூரையைக் கடைசியாக எப்போது பழுதுபார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள்? வீட்டை நேசிக்கிறவர் இந்தக் கேள்விக்குக் கால்மணி நேரம் பேசுவார்.

அப்பாவின் முழங்காலுக்கு: கீழ்த்தள அறைதான். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் வைக்க இடம் இருக்காது. நிலைப்படி உயரம், முற்றத்தின் ஓரம், பிறகு சேர்த்த பாத்ரூமுக்கு எத்தனை படி, கைப்பிடி உண்டா, இவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காவேரிக்கரை:
காரைச்சுவர் அண்ணா, மிகவும் நன்றி. நேற்று மூன்று இடங்களுக்குப் போன் போட்டேன். ஒரு இடத்தில் “கூரை எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம், நெட்டில் பாருங்க” என்று முடித்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் முற்றத்துக்குக் கண்ணாடி. மூன்றாவது இடத்தில் ஒரு அம்மா எடுத்தார். வீட்டின் முன்பகுதியில் அவர்கள் குடும்பமே இருக்கிறது, பின்கட்டில் நான்கு அறை. கேள்வியைக் கேட்டதும் எந்தக் கட்டை மாற்றியது, எது பழையது என்று வரிசையாகச் சொன்னார். பாத்ரூம் படத்தை மாலையே அனுப்பிவிட்டார். வாடகை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் அதிகம். அதை எடுத்துவிடலாமா?

சைக்கிள்_சுந்தரி:
எடுங்கள். அதற்குமேல் என்ன வேண்டும்!

தாழ்வாரம்_வீட்டுக்காரி:
இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நான் தமிழ்ப் பகுதியில் ஒரு வீதியில் குடியிருக்கிறேன். சிறுவயதில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. இன்று விடுதிப் பலகை மாட்டாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. பல வருடமாகக் குடியிருந்த வாடகைக் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லித்தான் சில வீடுகள் விடுதியாக மாறின. பக்கத்தில் ஓர் இடத்தில் வார இறுதி என்றால் மொட்டை மாடியில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு. காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தூங்க முடியவில்லை. போய்ச் சொன்னால் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பையன் “ஓனர் சென்னையில் இருக்கார்” என்கிறான். எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்காமலே கல்யாண ஜோடியை உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். அம்மா மதியம் அங்கேதான் பூக்கட்டுவார், இப்போது உட்காருவதில்லை.

வீட்டைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். சுவரும் தூணும் இருந்து, தெருவில் வாழ்கிறவர்கள் போய்விட்டால் எதைக் காப்பாற்றியதாகக் கணக்கு?

பின்கட்டு:
அக்கா, உங்கள் கோபம் நியாயம். நானும் அதே தமிழ்ப் பகுதியில் தாத்தா வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறேன், அதனால் என் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பங்காளிகள் நிறைய. பாதிப் பேர் பிரான்சில். 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். பெரிய தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கியவர். அவர் இருந்தவரை அந்தப் பணத்தில் வருடா வருடம் வெள்ளையடித்து, ஓடு மாற்றி, வீடு நின்றது. அவருக்குப் பிறகு பூட்டியே கிடந்தது. இடித்து அடுக்குமாடி கட்டிப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. நல்ல விலைக்கு ஆளும் வந்தார்கள்.

ஒரு கட்டின் கூரையை மட்டும் பழைய முறையில் பிரித்துக் கட்ட ஆன செலவில் புறநகரில் சின்ன வீடே கட்டியிருக்கலாம். இடித்த வீடுகளிலிருந்து பழைய தேக்குக் கட்டை தேடி வாங்கினோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கக் காத்திருந்தோம். காரை காயக் காத்திருந்தோம். வங்கிக் கடன் கேட்டால் மனையின் விலையைத்தான் பார்க்கிறார்கள், மேலே நிற்கும் வீடு அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அந்த நேரத்தில் அறை வாடகை இல்லையென்றால் எங்கள் வீடு இன்று இல்லை. காவேரிக்கரை கேட்ட வாடகை வித்தியாசத்துக்கும் இதுதான் காரணம். சிமென்ட் பூசி முடித்தவரும் சுண்ணாம்பில் செய்தவரும் ஒரே வாடகைக்குத் தர முடியாது.

ஆனால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நாங்கள் முன்கட்டில் குடியிருக்கிறோம். மாடியில் பத்து மணிக்கு மேல் யாரும் இல்லை. நகராட்சி உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு, வெளிநாட்டவர் வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் பதிவு, எல்லாம் முறைப்படி. உரிமம் இல்லாமல் நடத்துகிறவர்களைப் பற்றி நீங்கள் புகார் கொடுத்தால் நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

தாழ்வாரம்_வீட்டுக்காரி:
தம்பி, நீங்கள் குடியிருந்துகொண்டு நடத்துகிறீர்கள், அது வேறு. உங்களைப்போல எல்லோரும் இருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஓனர் ஊரிலேயே இல்லாத விடுதிகளைத்தான் சொன்னேன். அந்தப் பணம் இந்தத் தெருவுக்குள் வருவதே இல்லை. பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், மூலைக் கடை, யாருக்கும் வருவதில்லை. துணி எங்கோ மொத்தமாகப் போகிறது.

காரைச்சுவர்:
இரண்டு பேர் சொல்வதும் சரி என்றாலும் என் அனுபவத்தில் ஒன்றை அழுத்திச் சொல்வேன். பழைய வீட்டுக்கு மிகப் பெரிய எதிரி பூட்டு. ஆள் இருக்கும் வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் மறுநாள் தெரியும். பூட்டிய வீட்டில் மூன்றாவது மழையில் கட்டை உளுத்த பிறகுதான் தெரியும். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது நினைவிருக்கும். வெகுகாலம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. இன்று அதே இடத்தில் அதே தோற்றத்தில் நிற்பது புதிதாகக் கட்டியது. 2024-இல் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையை வருடம் முழுக்கக் கவனித்த கூரை தாங்கும்.

அதனால் பின்கட்டு போன்றவர்கள் நடத்தும் விடுதி இன்னும் நாலு வந்தாலும் நல்லது என்பேன். தாழ்வாரம் அக்கா சொல்லும் வகை ஒன்றுகூட வேண்டாம். தங்கப்போகிறவர்கள் கையில்தான் இதைப் பிரித்துப் பார்ப்பது இருக்கிறது. இரவு வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

மிஷன்வீதி:
சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே! சம்பா கோயிலைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலர் சொல்லிவைத்தால் வீட்டுச் சமையல் செய்து தருவார்கள். ரகு என்கிற பிரெஞ்சுப் பெயர் கொண்ட ஆட்டுக்கறிக் குழம்பு, வடகம் தாளித்த மீன் குழம்பு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயம் போனால் விவிகம் கேக் கேளுங்கள், ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய பழமுமாக இருக்கும். தை மாதம் போனாலும் சில வீட்டில் மீதி இருக்கும், நன்றாகக் கெடாமல் நிற்கும் கேக் அது. விடுதி வீட்டம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், யாரிடம் வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியும்.

காவேரிக்கரை:
அந்த அம்மா வீட்டையே எடுத்துவிட்டேன், கீழ்த்தளத்துப் பின்கட்டு அறை. இரவு யார் இருப்பார்கள் என்று கேட்டேன், மாமியாரும் தானும் எப்போதும் உண்டு என்றார். தாழ்வாரம் அக்கா, துணியைத் தெரு இஸ்திரி வண்டியிலேயே கொடுக்கிறோம். காரை எங்கே நிறுத்துவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பின்கட்டு:
தெருவில் ஒரு பக்கம்தான் நிறுத்த விடுவார்கள், எந்தப் பக்கம் என்று பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வீட்டு வாசலையும் மறைக்க வேண்டாம். வந்த அன்றே வண்டியை ஓரமாக விட்டுவிட்டால் ஊர் திரும்பும் வரை எடுக்கும் தேவை வராது. ஊருக்குள் நடப்பதுதான் சுலபம்.

லாகூர்நெவ்_வாசி:
வணக்கம். நான் பிரான்சில் இருந்து எழுதுகிறேன். பின்கட்டு எழுதியதைப் படித்ததும் எங்கள் வீடுதான் கண்முன் வந்தது. தமிழ்ப் பகுதியில் அப்பாவின் வீடு வெகுநாளாகப் பூட்டிக் கிடக்கிறது. விடுதி ஆக்குவதா இல்லையா என்று அண்ணன் தம்பிகள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதற்குள் வீடு விழுந்துவிடக் கூடாது. காரைச்சுவர் ஐயா, இந்த ஆடியில் வரும்போது செலவில்லாமல் முதலில் என்ன செய்ய வேண்டும்?

காரைச்சுவர்:
மாடிக்கு ஏறுங்கள். தளத்தில் நீர் போகும் வாய்களில் இலையும் மண்ணும் அடைத்திருக்கும், கையால் எடுத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரிலும் தூம்பு ஓரத்திலும் அரசங்கன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். மேலே வெட்டிவிட்டால் மறுபடி இரண்டு மடங்காகத் துளிர்க்கும். விரல் கனம் வருவதற்குள் சுற்றியுள்ள காரையைத் தோண்டி வேரோடு எடுக்க வேண்டும், அந்தப் பள்ளத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். சிமென்ட் வேண்டாம். முற்றத்து நீர்ப்பாதையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தெருவுக்கு வருகிறதா பாருங்கள். ஜன்னல்களை எல்லாம் இரண்டு நாள் திறந்து வையுங்கள். நம்பகமான ஒருவரிடம் சாவி கொடுத்து, மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் உள்ளே ஒவ்வொரு அறையின் கூரையையும் செல்போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். ஈரத் திட்டு எந்தக் கட்டைக்கு நேரே வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் அந்த ஒரு கட்டையை மட்டும் மாற்றினால் இந்த வருடம் தாண்டும். படங்களை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.